தண்டனைக் காலம் முடிந்தும் முடியாத தண்டனை

(அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

உலக மக்கள்தொகையில் 5 சதவீதத்துக்கும் குறைவானோர் வாழும் நாடு அமெரிக்கா. ஆனால், உலகச் சிறைவாசிகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் அந்நாட்டுச் சிறைகளில் இருக்கிறார். அந்நாட்டு மக்களில் கறுப்பின மக்கள் ஏறத்தாழ 14 சதவீதம். சிறைவாசிகளிலோ அவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு. சிறை சென்றோரில் மிகப் பெரும்பாலோர் என்றேனும் ஒருநாள் வெளியே வருகிறார்கள். அவ்வாறு வரும் கறுப்பின இளைஞருக்கு என்ன காத்திருக்கிறது, அதை மாற்ற அவர்கள் எவ்வாறு போராடுகிறார்கள் என்பதே இவ்வுரையின் பொருள்.

இதன் வேர் ஆழமானது. 1865இல் நிறைவேறிய 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆயினும், குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பை வாங்கலாம் என்ற விதிவிலக்கு அதிலேயே இடம்பெற்றது. தென் மாநில ஆளும் வர்க்கம் அதை உடனே பற்றிக்கொண்டது. வேலையின்றித் திரிவதே குற்றமாக்கப்பட்டது. பிடிபட்ட கறுப்பின மக்கள் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விடப்பட்டனர்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் "போதைப்பொருள் மீதான போர்" வந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, 500 கிராம் கோகெய்ன் தூள் விற்றவருக்கு விதிக்கப்பட்ட அதே ஐந்தாண்டு குறைந்தபட்சத் தண்டனை, 5 கிராம் 'கிராக்' விற்றவருக்கும் விதிக்கப்பட்டது. கிராக் வழக்குகளில் மத்திய நீதிமன்றங்கள் தண்டித்தோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்களே. நூற்றுக்கு ஒன்று என்ற இந்த விகிதம் 2010இல் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது, நீக்கப்படவில்லை.

சிறைக்கதவு திறந்ததும் வேறு கதவுகள் மூடிக்கொள்கின்றன. கைதிகளின் கல்லூரிப் படிப்புக்கான அரசு உதவித்தொகையை 1994ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. அது முழுமையாகத் திரும்பக் கிடைத்தது 2023இல்தான். போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றோருக்கு வாழ்நாள் முழுதும் உணவு உதவி கிடையாது என்றது 1996ஆம் ஆண்டுச் சட்டம். பின்னர் பல மாநிலங்கள் அத்தடையைத் தளர்த்தின. கலிபோர்னியாவில் காட்டுத்தீயை அணைக்கச் சிறைவாசிகள் நாளொன்றுக்குச் சில டாலர் கூலிக்கு அனுப்பப்பட்டனர். விடுதலையான பின் அதே தீயணைப்பு வேலை அவர்களுக்கு எட்டாக்கனியாயிற்று. 2020இல்தான் ஒரு சட்டம் அதற்கு வழிவிட்டது.

வேலைச் சந்தையின் நிலையைச் சமூகவியலாளர் தேவா பேஜர் மில்வாக்கி நகரில் நடத்திய ஆய்வு காட்டுகிறது. 2003இல் வெளியான அந்த ஆய்வில், ஒத்த தகுதியுள்ள இளைஞர்கள் வேலை கேட்டு அனுப்பப்பட்டனர். குற்றப்பதிவு இல்லாத வெள்ளையரில் 34 சதவீதத்தினருக்கும், குற்றப்பதிவு உள்ள வெள்ளையரில் 17 சதவீதத்தினருக்கும் மறு அழைப்பு வந்தது. குற்றப்பதிவே இல்லாத கறுப்பினத்தவருக்கு 14 சதவீதம். பதிவு உள்ளவருக்கு வெறும் 5 சதவீதம். சிறை சென்ற வெள்ளையருக்குக் கிடைக்கும் வாய்ப்புகூடச் சிறையையே காணாத கறுப்பினத்தவருக்கு இல்லை! இவ்வாறு ஒதுக்கப்பட்டவர்கள் எந்தக் கூலிக்கும் இசைய வேண்டிய சேமப் பட்டாளமாக நிறுத்தப்படுகிறார்கள். அதன் விளைவாக எல்லாத் தொழிலாளரின் கூலியும் அழுத்தப்படுகிறது.

இந்நிலையை எதிர்த்து முன்னணியில் நிற்பவர்கள் சிறை மீண்டோரே. நியூயார்க்கில் 1967இல் தொடங்கிய 'ஃபார்ச்சூன் சொசைட்டி' அவர்களுக்குத் தங்குமிடமும் கல்வியும் தொழிற்பயிற்சியும் தருகிறது. அதன் பணியாளர்களில் கணிசமானோர் தாமே சிறை சென்று மீண்டவர்கள். கலிபோர்னியாவில் 2003இல் உருவான 'ஆல் ஆஃப் அஸ் ஆர் நன்' என்ற அமைப்பு, வேலை விண்ணப்பத்தில் குற்றப் பின்னணியைக் கேட்கும் கட்டத்தை நீக்கக் கோரி இயக்கம் கண்டது. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதோவொரு வடிவில் அதை ஏற்றுள்ளன.

எனினும் நியூஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் நடந்த ஓர் ஆய்வு எச்சரிக்கை தருகிறது. அந்தக் கட்டம் நீக்கப்பட்ட பின், கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் வரும் மறு அழைப்புகளின் இடைவெளி விரிந்தது. பதிவைப் பார்க்க இயலாத முதலாளி, நிறத்தையே பதிவாகக் கொண்டார்.

புளோரிடாவின் அனுபவமும் இத்தகையதே. சிறை மீண்டவரான டெஸ்மண்ட் மீட் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பயனாக, சுமார் 14 லட்சம் பேருக்கு வாக்குரிமை மீட்கும் திருத்தத்தை 2018இல் 64 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் நிறைவேற்றினர். மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம், அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் முழுதும் செலுத்தினால்தான் வாக்கு என்றது. வேலை இல்லாதவரிடம் பணம் கேட்டு வாக்கைப் பறித்த அச்சட்டத்தை 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

தோழர்களே! வென்ற உரிமையைக் காக்க அமைப்பு வேண்டும் என்பதை இவ்விரு அனுபவங்களும் உணர்த்துகின்றன. அறிவுரையும் நற்சான்றும் மட்டும் ஒருவரின் வாழ்வை மீட்டுத் தருவதில்லை. உத்தரவாதமான வேலை, குடியிருக்க வீடு, கல்வி, வாக்கு ஆகியவை உரிமையாகக் கிடைக்கும்போதே வாழ்வு மீள்கிறது. சிறை மீண்டவரைச் சக தொழிலாளியாக ஏற்றுத் தொழிற்சங்கங்கள் தோள் கொடுக்கும்போது, நிறத்தின் பேரால் பிளவுபட்ட வர்க்கம் ஒன்றுபடுவதற்கான பாதையும் திறக்கும்.