வாவி காட்டும் குறிகள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து செல்வோர் காணும் பழைய ஊர்களுள் ஒன்று பழுகாமம். ஞாயிறு எழும் திசையிலுள்ள கடலோரப் பகுதியை எழுவான்கரை என்றும், அது படும் திசையிலுள்ள வயற் பகுதியைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பார் வழங்குவதை நேயர்கள் அறிவர். பழுகாமம் படுவான்கரை ஊர். அதன் ஒருபுறம் நெல்வயல் விரிந்து கிடக்க, மறுபுறம் வாவி கிடக்கிறது. வயலை நம்பி வாழ்வோரும் தோணியை நம்பி வாழ்வோரும் இங்கே அயலவர். பல வீடுகளில் உறவினருங்கூட.

மாரி உரத்தவுடன் இவ்விரு சாராருக்குமிடையே ஒரு பழைய வழக்குத் தலைதூக்கும். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதே அவ்வழக்கு.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவி, வடக்கே பாலமீன்மடுப் பக்கத்திலும், தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு கூடுகின்றது. கோடையில் ஆறுகள் மெலிந்துபோகக் கடலலை கொணர்ந்து குவிக்கும் மணல் அவ்வாய்களை அடைத்துவிடும். ஐப்பசி தொடங்கித் தை வரையிற் பெய்யும் வடகீழ்ப் பருவமழையால், மேற்கேயுள்ள ஆறுகளும் குளங்களும் பெருகி வாவியை நிரப்பும். மணற்றிட்டு தானாக உடையாதவிடத்து, மனிதர் அதனை வெட்டித்தான் நீரைக் கடலுக்கு விடல் வேண்டும். தாழ்ந்த வட்டைகளிலே முளைத்து நிற்கும் பயிர் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடுமே என்று கமக்காரர் பதறுவர். காலமறியாது வெட்டினால் நீரோடு மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடுமே என்று வலைஞர் தடுப்பர். இருவர் அச்சமும் நியாயமானதே. இறால் கடலிலே முட்டையிடுவது. அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே வாவியுட் புகுந்து வளர்வன. வளர்ந்தவை மீண்டும் அவ்வழியே கடலை நாடுவன. ஆதலின் அவ்வாய் எந்நாளும் அடைபட்டுக் கிடப்பதும் வலைஞருக்கு நன்மையன்று. எந்நாளும் திறந்து கிடப்பதும் நன்மையன்று.

இவ்வழக்கைத் தீர்க்க வேண்டிய அதிகாரிகளின் நிலை இரங்கத்தக்கது. மழை கொட்டும் நாளில், வீதி வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கையில், இரு தரப்பாரும் வாயிலில் வந்து நிற்கையில் அவர்கள் முடிவு கூறல் வேண்டும். அவ்வேளையிலே அறிவைவிடக் குரலே வலிது. 2011 ஆம் ஆண்டின் தை, மாசி மாதங்களிற் கிழக்கு மாகாணத்தை அலைக்கழித்த பெருவெள்ளம், இத்தகைய முடிவுகளை அந்த நேரத்திற்கு ஒத்திவைப்பது எத்துணை இடர் என்பதைக் காட்டியது.

இயற்கை காட்டும் ஓர் அளவை முன்கூட்டியே தேர்ந்து, அந்த அளவு எட்டப்பட்டதும் இன்னது செய்வது என்று எல்லாரும் ஒப்பி எழுதி வைத்தல் புதிய வழக்கமன்று. எகிப்து நாட்டிலே கெய்ரோ நகரத்து ரோடாத் தீவில், நைல் நதியின் ஏற்றத்தை அளப்பதற்கென 861 ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட அளவுத் தூண் இன்றும் நிற்கின்றது. நதி எவ்வளவு ஏறியது என்பதைப் பார்த்தே அவ்வாண்டின் விளைவை மதித்து வரி விதித்தனர். காவிரிக்குக் குறுக்கே 1934 ஆம் ஆண்டில் நிறைவுற்ற மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. குறுவைப் பயிருக்கென யூன் 12 ஆம் நாள் மதகு திறப்பது அங்கே மரபு. அந்நாள் நெருங்குகையில் அணையிலே 90 அடி நீர் உண்டா என்பதையே தஞ்சை உழவர் உசாவுவர்.

அத்துணைத் தூரம் போவானேன்? படுவான்கரையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. நவகிரிக் குளத்து நீரை எதிர்பார்க்கும் கமக்காரர், போகம் தொடங்குமுன் ஆரம்பக் கூட்டத்திற் கூடுகின்றனர். குளத்தில் நீர் எத்தனை அடி, அந்நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும், விதைப்பு எந்த நாளில் முடிதல் வேண்டும், மதகு எந்த நாளில் அடைபடும் என்பன அங்கே முடிவாகின்றன. 1946 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அக்கூட்டத்தின் முடிவுக்கு வலுவளிக்கின்றது. வட்டவிதானை அதனை நிறைவேற்றுகின்றார். குளத்துக்கு இத்தகைய ஒழுங்கு இருக்க, அக்குளத்து நீர் வடிந்து சென்று சேரும் வாவிக்கும் அது இருத்தல் வேண்டுமன்றோ? கோடையிலே, வானம் தெளிந்திருக்கையில், கமக்காரரும் வலைஞரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து வெட்டுமட்டம் இன்னதென எழுதிக் கையொப்பமிடுவாராயின், மார்கழி வெள்ளத்தில் அதிகாரி அளவுகோலைப் பார்த்தாற் போதும். கூட்டத்தின் குரலைக் கேட்க வேண்டியதில்லை.

அந்த அளவுகோல் எங்கே நடப்பட்டிருக்கின்றது என்பது அற்பக் கேள்வியன்று. முகத்துவாரம் பழுகாமத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வடக்கே உள்ளது. வாவியோ நீண்டு ஒடுங்கியது; பாலங்களின் கீழே மேலும் ஒடுங்குவது. மேற்கிலிருந்து வரும் வெள்ளம் தென்பகுதியிலே தேங்கி நிற்கும்போது, நகரத்தருகே நீர் அவ்வளவு ஏறியிராது. ஆதலின் நகரத்து அளவுகோல் ஒன்றை மாத்திரம் நோக்கி முடிவெடுத்தால், பழுகாமத்து வயல் மூழ்கியபின்னரே வெட்டு நிகழும். பட்டிருப்புப் பாலத்தடியிலும் ஓர் அளவுகோல் வேண்டும். அது காட்டும் எண்ணுக்கும் கூட்டத்தில் இடம் வேண்டும்.

நீர்மட்டம் ஒரு குறி. அது விரைந்து மாறுவது. உவர்ப்பு மற்றொன்று. ஓர் இலீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆற்றுநீரில் அது இல்லை என்றே சொல்லலாம். வாவி இவ்விரண்டுக்கும் இடையே ஆண்டு முழுவதும் ஊசலாடுகின்றது. உப்புநீர் கனமானது ஆகையால் அடியிலே தங்கும். மேல்நீரை மாத்திரம் அள்ளிப் பார்ப்போர் ஏமாறுவர். பட்டிப்பளை ஆறு என்று தமிழிலே வழங்கும் கல்லோயாவுக்குக் குறுக்கே இங்கினியாகலையில் 1949 ஆம் ஆண்டு தொடங்கிய அணை வேலையை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பர். முன்னர் மாரியில் மாத்திரம் பாய்ந்த ஆறு, அதன்பின் வயல்களின் வழியே கோடையிலும் வடியலாயிற்று. இவ்வாறான பெருவேலைகளின் விளைவை அறிய விரும்புவோர் வேலை தொடங்குமுன்னரே கீழ்நீரை அளக்கத் தொடங்குதல் வேண்டும். பின்னர்த் தொடங்கும் அளவை, மாறிவிட்ட நிலையையே இயல்பு நிலை என்று காட்டும்.

கண்ணா, தில்லை முதலிய கண்டல் மரங்கள் மெதுவாகக் குறி காட்டுவன. ஆண்டுக்கணக்கான மாற்றத்தை அவற்றிற் காணலாம்.

ஆயினும் கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே காணக்கூடிய குறி ஆற்றுவாழையாகும். நீலப்பூப் பூத்து நீரின்மேல் மெத்தைபோற் படரும் இச்செடி, தென்னமெரிக்காவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தது. அழகுக்கு வந்தது ஆபத்தாயிற்று. 1909 ஆம் ஆண்டிலேயே இதனை ஒழிப்பதற்கென ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. ஒரு செடிக்கு எதிராக ஒரு சட்டம். சட்டத்துக்கு நூறு வயதும் கடந்துவிட்டது, செடிக்கோ மூப்பில்லை! தோணித் துறையை அது அடைக்கின்றது; வலையிற் சிக்குகின்றது; மெத்தையாய் மூடியவிடத்தில் வெயிலும் காற்றும் நீருட் புகாமல் மீன் மூச்சுத் திணறுகின்றது. ஆட்களை விட்டு அள்ளிக் கரையேற்றுவதோடு பெரும்பாலும் காரியம் முடிந்ததாகக் கருதப்படுகின்றது. அஃது ஏன் அங்கே தழைத்தது என்று வினவுவோர் குறைவு. உவர்நீரில் அது வாடிவிடும். உரச்சத்து மிகுந்த நன்னீரிற் செழிக்கும். ஆகவே ஒரு துறையில் அது பெருகுமாயின், அத்துறைக்குக் கடல்நீர் வந்து சேரவில்லை என்பதும், வயலிலிருந்தோ ஊரிலிருந்தோ உரமும் கழிவும் அங்கே வந்து சேர்கின்றன என்பதும் தெளிவு. அதனை அள்ளிய கூலியோடு, எந்த வாய்க்காலின் வாயிலிருந்து அது தொடங்கியது என்பதையும் ஒரு வரி எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு எந்த வாய்க்காலை ஆராய்வது என்பது தெரியவரும்.

உரத்தைப் பற்றிப் பேசுகையில் 2021 ஆம் ஆண்டை மறக்க இயலாது. அவ்வாண்டின் மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது; கார்த்திகையில் அத்தடை தளர்த்தப்பட்டது. இடையில் வாடிய வயல்களைப் படுவான்கரை நன்கறியும். மண்ணையும் நீரையும் காக்க வேண்டும் என்ற நோக்கத்தைக் குறை கூறுவாரில்லை. எந்த வட்டையின் மண்ணில் எச்சத்து மிகை, எவ்வாய்க்கால் நீரில் எவ்வளவு வடிகின்றது என்ற அளவைகளைக் கையில் வைத்துக்கொண்டு, மிகையான இடத்தில் முதலிற் குறைத்திருக்கலாம். எல்லா வயலுக்கும் ஒரே நாளில் ஒரே கட்டளை என்பது நோயாளியின் நாடி பாராது மருந்தை நிறுத்துவதை ஒத்தது.

இவ்வளவுக்கும் விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமே என்று சிலர் தயங்கலாம். நீரிலே கரைந்துள்ள பிராணவாயுவை அளப்பதற்கும், உரச்சத்தை அளப்பதற்கும் ஆய்வுகூடம் வேண்டியதுதான். ஆனால் நீரின் தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டும் கயிறும் போதும். 1865 ஆம் ஆண்டிலே இத்தாலிய வானியலறிஞரான அஞ்சலோ செக்கி என்னும் பாதிரியார், மத்தியதரைக் கடலில் பாப்பரசரின் கப்பலொன்றிலிருந்து வெள்ளைத் தட்டை நீருள் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். உலகெங்கும் ஏரிகளில் இன்றும் அம்முறை வழங்குகின்றது. சேறு கலந்தாலும் பாசி மிகுந்தாலும் தட்டு விரைவில் மறையும்.

பழுகாமத்துப் பாடசாலை மாணவர் இதனைச் செய்யலாம். அகலம் 20 சென்ரிமீற்றர் உள்ள தகரத் தட்டொன்றுக்கு வெள்ளை பூசி, கீழே ஒரு கல்லைத் தொங்கவிட்டு, நடுவே கயிறு கட்டி, பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சு இடல் வேண்டும். வாரம் ஒருமுறை, அதே துறையில், அதே தோணியின் நிழற்புறத்தில், நண்பகலை ஒட்டிய அதே நேரத்தில் இறக்கி, மறையும் முடிச்சையும் அன்றைய நீர்மட்டத்தையும் ஆற்றுவாழை உண்டா இல்லையா என்பதையும் ஒரே கொப்பியில் எழுதி, மாதமொருமுறை அதன் பிரதியை வெல்லாவெளிப் பிரதேச செயலகத்திற் சேர்ப்பித்தல் வேண்டும். பாடசாலை விடுமுறையிலும் இது தடைப்படலாகாது. மார்கழி விடுமுறையிலேதான் வாவி மிகுதியும் மாறுகின்றது. நனைந்து உலரும் கயிறு நாளடைவிற் சுருங்கியும் நீண்டும் போகுமாதலால், முடிச்சுகளின் இடைவெளியை அடிமட்டம் வைத்து இடையிடையே சரிபார்த்துக்கொள்ளுதல் நன்று.