சேற்றுக்கும் பூர்வீகம் உண்டு

கடலோரத்தில் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற சேற்றில் ஒரு பிடி அள்ளினால், கறுப்பாக, வழவழவென்று, பல நேரம் அழுகின முட்டை வாடையோடு வரும். மக்கிப்போன உயிர்ப்பொருள் அதில் கலந்திருக்கிறது. அது கடலின் நுண்பாசியா, ஆறு அடித்துக்கொண்டு வந்த இலைதழையா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆனால் அடையாளம் உண்டு. பாசியில் புரதம் அதிகம். அதனால் ஒரு பங்கு நைட்ரஜனுக்குக் கார்பன் பெரும்பாலும் 10 பங்குக்குள்தான் இருக்கும். நிலத்துச் செடியில் நார் அதிகம், 20-ஐத் தாண்டிவிடும். இன்னொரு அடையாளம், எடை கூடின கார்பன்-13. மரங்களில் அது குறைவு. கடல் பாசியில் சற்று அதிகம்.

இந்தக் கார்பன்-13 அளவை வைத்து மெக்சிகோ வளைகுடாச் சேற்றைப் பார்த்தவர்கள், மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தை விட்டு விலகிப் போனால் பெரும்பாலும் கடல் சரக்குதான் என்று எண்ணினார்கள். 1997-ல் வெளியான ஆய்வில் மிகேல் கோன்யியும் சக விஞ்ஞானிகளும் அங்கே லிக்னினைத் தேடினார்கள். செடிகொடிகளை விறைப்பாக நிறுத்துகிற பொருள் அது, நுண்பாசியில் கிடையாது. ஆழ்கடலை நோக்கி இறங்கும் சரிவிலும் அது அகப்பட்டது!

உள்நாட்டுப் புல்வெளி மண் அத்தனை தூரம் வந்திருக்கிறது. கரும்பு, மக்காச்சோளம் வகையைச் சேர்ந்த அந்தப் புற்களில் கார்பன்-13 அதிகம். மரத்துக் கார்பனோடு அது கலந்ததும், கணக்கு கடல் பாசி மாதிரியே காட்டிவிட்டது.

ஒரே சாட்சியை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது பஞ்சாயத்துக்கு மட்டுமல்ல, சேற்றுக்கும் பொருந்தும்!