சமன்: ஒரு சொல்லும் ஒரு சாலையும்



மொழிக்காகக் கூடிய அவையில் வேகக் கட்டுப்பாட்டைப் பற்றியும் அதைக் கண்காணிக்கும் கேமராவைப் பற்றியும் என்ன பேச்சு என்று சிலர் ஐயுறலாம். நாளும் பல மணி நேரத்தைச் சாலையில் கழிக்கும் மக்கள் நாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் எப்படி வாழ்கிறது என்று அறிய விரும்புவோர் நூலகத்திற்கு மட்டும் சென்றால் போதாது. கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசலில் நிற்கும் வண்டிக்குள்ளும் செவி கொடுக்க வேண்டும். அங்கே அன்றாடம் ஒலிக்கும் சொற்களுள் ஒன்று 'சமன்'.

சுங்கை வே என்னும் நம் ஊரின் பெயரில் ஆறு இருக்கிறது. ஆயினும் இவ்வூரின் வாழ்வை வகுத்தது ஆறன்று, சாலை. அவசரகாலத்தில் புதுக்கிராமமாகத் தொடங்கி, இன்று ஸ்ரீ செத்தியா என்று அரசேடுகளில் வழங்கும் இவ்விடத்தின் அருகே 1972இல் தடையற்ற வணிக வட்டாரம் அமைந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. இரவு பகல் என்று முறை வைத்து வேலை நடந்தது. தோட்டங்களிலிருந்து வெளியேறிய நம்மவர் பலர் அத்தொழிற்சாலைகளை நாடி வந்தனர். ஒருபுறம் கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலை, அதைக் குறுக்கே கடக்கும் டாமன்சாரா பூச்சோங் நெடுஞ்சாலை. இவ்விரண்டின் இரைச்சலுக்கு நடுவே வளர்ந்த தலைமுறைக்கு வேகம் என்பது ஏட்டில் படித்தறியும் பொருளன்று.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்திலிருந்து மலாய்மொழி எடுத்துக்கொண்டு, மலாய்மொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட சொல் சமன். நீதிமன்ற அழைப்பாணை என்று பொருள்பட வேண்டியது, நம் வழக்கில் அபராதச் சீட்டையே குறிக்கிறது. 'சமன் வந்துவிட்டது', 'சமன் கட்டிவிட்டேன்', 'அந்த இடத்தில் சமன் போடுவான்' என்கிறோம். தமிழில் முன்பே வேறு சமன்கள் உள்ளன. ஒன்று, ஏற்றத்தாழ்வின்மை. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் துலாக்கோலோடு சேர்ந்து நிற்பது இந்தச் சமன். மற்றொன்று, கூற்றுவனின் பெயர்களுள் ஒன்று. அபராதம், நடுநிலை, எமன் ஆகிய மூன்றும் ஓரொலியில் அமைந்தது தற்செயல்தான். சொற்பிறப்பு வழியே அவற்றுக்கு உறவில்லை. ஆனால் வேகக் கட்டுப்பாட்டைப் பற்றி இந்நாட்டில் நடந்த வழக்காடல் முழுவதும் இம்மூன்றுக்கும் இடையேதான் நடந்திருக்கிறது.

மலாய்மொழியில் அஞ்சல்வழி வரும் அபராதத்திற்குச் 'சமான் எக்கோர்' என்று பெயர். எக்கோர் என்றால் வால். பின்னாலிருந்து வண்டியைப் படம் பிடித்துப் பின்னொரு நாளில் வந்து சேர்வதால் இப்பெயர் பொருந்திப்போயிற்று. காவலர் எதிரே நின்று கையசைத்து நிறுத்தும்போது, ஓட்டுநர் பேசலாம், மன்னிப்புக் கேட்கலாம், காரணம் சொல்லலாம். வால்சமன் வரும்போது பேச எதிரில் யாருமில்லை. மேலும், அது வருவது ஓட்டியவருக்கன்று, வண்டியின் உரிமையாளருக்கு. மகன் ஓட்டியதற்குத் தந்தை பெயரில் கடிதம் வருகிறது. யார் ஓட்டினார் என்ற தகவலைத் தரும் கடமையை 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115ஆம் பிரிவு உரிமையாளர்மேல் சுமத்துகிறது. பழைய மலாய்வழக்கில் காவலருக்கு 'மாத்தா-மாத்தா' என்று பெயர். மாத்தா என்பது கண். கண்ணே காவல் என்றிருந்த காலத்தில் கண்ணுக்குப் பின்னால் ஒரு முகமும் இருந்தது. கேமரா வந்தபோது கண் மட்டும் எஞ்சியது. எதிர்ப்பின் முதல் வேர் இங்கேயே உள்ளது என்பது நம் கருத்து.

ஏஇஎஸ் என்று அறியப்பட்ட தானியங்கி அமலாக்க முறை 2012 செப்டம்பர் 23ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முதலில் நிறுவப்பட்டவை 14 கேமராக்கள். நாடு முழுவதும் 831 நிறுவத் திட்டம். வேக மீறலையும் சிவப்பு விளக்கு மீறலையும் அவை பதிவு செய்தன. கருவிகளை நிறுவி நடத்தும் பொறுப்பு இரு தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அபராதத்தில் அவற்றுக்கும் பங்குண்டு என்ற செய்தி பரவியதும் கொதிப்பு எழுந்தது. உயிர் காக்கவா, பணம் ஈட்டவா என்று காப்பிக்கடைகளில் கேட்டார்கள். எதிர்க்கட்சிகள் அதனைத் தேர்தல் பொருளாக்கின. அதே ஆண்டு டிசம்பரில் அந்தச் சமன்கள்மேல் நீதிமன்ற நடவடிக்கை எடுப்பதைச் சட்டத்துறைத் தலைவர் நிறுத்திவைத்தார். மூன்று மாதத்திற்குள் ஒரு பெருந்திட்டம் தடுமாறி நின்றது.

2017இல் அது 'அவாஸ்' என்னும் புதுப்பெயரோடு எழுந்து, ஓட்டுநர்க்குக் குறைப்புள்ளி வழங்கும் 'கெஜாரா' முறையோடு இணைக்கப்பட்டது. மலாய்மொழியில் அவாஸ் என்றால் எச்சரிக்கை. தமிழ்ச் செவிக்கு அதில் 'அவா'வும் கேட்கிறது. அரசாங்கத்தின் அவா என்று பொருள் சொல்லிச் சிரித்தவர்களையும் நாம் அறிவோம். 2018இல் ஆட்சி மாறியது. புதிய போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக், ஏறத்தாழ 31 இலட்சம் ஏஇஎஸ் சமன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார். அவற்றின் மதிப்பு 43 கோடியே 50 இலட்சம் ரிங்கிட். அவ்வாண்டு செப்டம்பர் முதல் அரசே முறையை ஏற்று நடத்தும் என்றும், 300 ரிங்கிட்டாக இருந்த அபராதம் 150 ரிங்கிட் என்ற ஒரே அளவில் அமையும் என்றும், அதற்குமேல் கழிவு இல்லை என்றும் கூறப்பட்டது.

இலாபம் தேடும் கையிலிருந்து அமலாக்கத்தை விடுவித்தது சரியான முடிவே. ஆனால் 31 இலட்சம் சமன்கள் ஒரே அறிவிப்பில் மறைந்தபோது, முன்பே ஒழுங்காகப் பணம் கட்டியிருந்தவர் மனத்தில் என்ன தோன்றியிருக்கும்? 'பொறுத்திருந்தவன் பிழைத்தான்' என்றுதான் தோன்றியிருக்கும். காவல்துறைச் சமன்களுக்குப் பலமுறை வழங்கப்பட்ட 50 விழுக்காட்டுக் கழிவும் இதே பாடத்தைத்தான் கற்பித்தது. தீபாவளி மலிவு விற்பனைக்குக் காத்திருப்பதுபோல், சமன் கழிவுக்கும் காத்திருக்கும் பழக்கம் நம்மிடையே ஊன்றிவிட்டது. கழிவு அறிவித்த நாளில் முகப்பிடங்களில் வரிசை நீண்டது. தண்டனைக்கு மலிவு விலை உண்டு என்றானபின், அது தண்டனை என்னும் தன்மையை இழந்து, வேகத்திற்கு நாம் கொடுக்கும் கட்டணம் ஆகிவிடுகிறது. நடுநிலை என்னும் சமன் இங்கேதான் முதலில் சாய்ந்தது.

மறுபுறத்தையும் பார்ப்போம். ஓட்டுநர் சொல்லும் குறைகள் யாவும் உண்மையானவை அல்ல. 'எனக்கு என் வண்டியைத் தெரியும். என் கை நிதானம் எனக்குத் தெரியும்' என்பதே நாம் அதிகம் கேட்கும் வாதம். 1989ஆம் ஆண்டுத் தேசிய வேக வரம்பு ஆணைகளின்படி விரைவுச்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர், கூட்டரசு மாநிலச் சாலைகளில் 90, நகர்ப்பகுதியில் 60 என்பது பொதுவான வரம்பு. 90க்கும் 110க்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் மோதும் ஆற்றல் வேகத்தோடு நேர்விகிதத்தில் வளர்வதில்லை, வேகத்தின் இருமடிப் பெருக்கத்தோடு வளர்கிறது. 90இலிருந்து 110க்குச் சென்றால் வேகம் 22 விழுக்காடு கூடுகிறது. ஆற்றலோ 49 விழுக்காடு கூடுகிறது. 110இல் செல்லும் வண்டி, ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை நகர்த்தும் ஒரு நொடிக்குள் 30 மீட்டரைக் கடந்துவிடுகிறது. சராசரி வேகம் 1 விழுக்காடு ஏறினால் உயிர்ச்சேத விபத்துகள் சுமார் 4 விழுக்காடு ஏறும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எடுத்துரைக்கும் கணக்கு, சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோரான் நில்சனின் வாய்பாட்டில் பிறந்தது. இவ்வளவும் கொடுத்து நாம் வாங்குவது என்ன? 30 கிலோமீட்டர் தொலைவை 90இல் கடக்க 20 நிமிடம். 110இல் 16 நிமிடத்திற்குச் சற்று மேல். நான்கு நிமிடம்கூட மிஞ்சுவதில்லை. சுங்கை வே நுழைவாயில் நெரிசலில் அந்த மிச்சமும் கரைந்துவிடும்.

2016இல் மட்டும் மலேசியச் சாலைகளில் 7,152 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் மாள்வோருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இந்த ஊருக்கு அது வெறும் எண்ணன்று. இரவு முறை முடித்து விடியலில் வீடு திரும்புவோரில் பலருக்கு மோட்டார் சைக்கிளே ஊர்தி. கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் 1970களில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப்பாதை அமைத்தது தொலைநோக்கான செயல். ஆனால் அப்பாதை நம் எல்லாச் சாலைகளிலும் தொடர்வதில்லை. அது முடியும் இடத்தில், 110இல் வரும் காருக்கும் தலைக்கவசம் மட்டுமே அணிந்த உடலுக்கும் இடையே வேறு தடுப்பு இல்லை. வேக வரம்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் காருக்குள் இருந்து பேசுகிறோம். மூன்றாவது சமன் காத்திருப்பது காருக்கு வெளியே இருப்பவனுக்கு.

நம் சாலை வழக்கத்தில் இன்னொன்று ஆராயத் தக்கது. முன்னே காவலர் நிற்பதைக் கண்டவர், எதிரே வருவோருக்கு விளக்கை இருமுறை மினுக்கிக் காட்டுகிறார். அறிமுகமில்லாதவர்க்குச் செய்யும் உதவி அது. இனம், மொழி, சமயம் கடந்து மலேசியர் ஒன்றுபடும் அரிய நேரங்களுள் அதுவும் ஒன்று என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இன்று வேஸ் செயலி அவ்வேலையைச் செய்கிறது. பள்ளிக்கூடம் முன்னே இருக்கிறது, குழந்தைகள் கடக்கிறார்கள் என்று விளக்கு மினுக்கியவரை நாம் கண்டதில்லை. பொது எதிரி என்று நாம் கருதியது அமலாக்கத்தை, ஆபத்தை அல்ல.

அறிவிப்புப் பலகையைக் கண்டதும் வேகத்தைத் தாழ்த்தி, கேமராவைக் கடந்ததும் முன்னிலும் விரைவாகப் பாய்வது அடுத்த பழக்கம். ஆய்வாளர்கள் இதற்குக் கங்காருவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். திடீரெனத் தடை மிதிப்பதால் பின்னே வருவோர்க்கும் இடர். இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு சுவையானது. வேகக் கேமராவின் முன்னோடிகளுள் ஒருவரான மோரிஸ் காட்சோனிடஸ், டச்சுக் கார்ப்பந்தய வீரர். 1953இல் மான்டி கார்லோ பந்தயத்தில் வென்றவர். வளைவுகளில் தன் வண்டி எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்று அளந்து, இன்னும் விரைவாகச் செல்வதற்காகவே அவர் அக்கருவியை உருவாக்கினார். வேகத்தை வளர்க்கப் பிறந்தது வேகத்தைத் தடுக்கும் கருவியாயிற்று.

கங்காருத் தாவலுக்கு மாற்றாக, இரு இடங்களில் வண்டியைப் பதிவு செய்து இடைப்பட்ட தொலைவை நேரத்தால் வகுத்துச் சராசரி வேகத்தைக் கணிக்கும் முறை இத்தாலியிலும் நெதர்லாந்திலும் வழக்கில் உள்ளது. ஒரு கணம் கால் தாழ்த்தி இதனிடம் தப்ப முடியாது. எதிர்பாராது ஒரு நொடி எல்லை மீறியவரும் இதில் அகப்படமாட்டார். ஆகவே இது கடுமையும் நீதியும் ஒருங்கே உடையது என்று கருதுகிறோம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் கட்டணச் சாவடிகளில் நாம் நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் நெடுங்காலமாகவே பதிவாகி வருகின்றன என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். கருவி அரிதன்று. அந்த எண்ணை யார் வைத்திருப்பார், எவ்வளவு காலம் வைத்திருப்பார், வேறு எதற்குப் பயன்படுத்துவார் என்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை வேண்டும். 2012இல் விடை சொல்லாமல் கருவியை நட்டதன் விலை என்னவென்று கண்டோம்.

இம்முறைக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்பதை இன்று அவைமுன் வைக்கிறோம். 'இடைவேகக் கணிப்பு' என்று சொல்லிப் பார்த்தோம். பொருள் தெளிவாக இருக்கிறது, நாவில் எளிதாக நிற்கவில்லை. காப்பிக்கடையில் வழங்கக்கூடிய சொல்லாக அது இருக்க வேண்டும். ஏனெனில், சுங்கை வேயில் வண்டி ஓட்டும் நம் பிள்ளைகள் அதைச் சொல்லிக் கேட்பது அங்கேதான்.