மரத்துப்போன பாதங்களும் பிராணவாயு அறையும்
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள் முடி உதிர்வதையும் வாந்தியையும் பற்றித் தாராளமாகப் பேசுவார்கள். பாத எரிச்சலை மட்டும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். "ஐயரே, எறும்பு ஊருற மாதிரி இருக்கு. டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதீங்க, ஊசியை நிறுத்திடுவாங்க" என்பார்கள்.

வின்கிறிஸ்டின், சிஸ்பிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின், பாக்ளிடாக்சல் போன்ற மருந்துகள் நரம்புகளையும் தாக்கக்கூடும். (வின்கிறிஸ்டின் நம் கல்லறைத் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைப்பது.) நீளமான நரம்புகளின் நுனியே முதலில் அடிபடுவதால் கால்விரலில் தொடங்கிக் கைவிரலுக்கு வரும். சட்டைப் பொத்தான் போட வராது. செருப்பு கழன்றதும் தெரியாது. ஆரம்பத்திலேயே சொன்னால் மருத்துவர் அளவைக் குறைக்கலாம், தள்ளிப்போடலாம், மருந்தை மாற்றலாம். மறைத்தால் நஷ்டம் நோயாளிக்கே. சிஸ்பிளாட்டினிலும் ஆக்சாலிபிளாட்டினிலும் ஊசி நின்ற பிறகும் சில மாதங்கள் உபாதை கூடுவதுண்டு.

இந்த வலிக்காக உயரழுத்தப் பிராணவாயு அறை ஒன்று வாங்கித் தரலாமா என்று உங்களில் சிலர் அன்போடு கேட்டீர்கள். மூடிய அறைக்குள் காற்றழுத்தத்தை இரண்டு, இரண்டரை மடங்காக்கி, சுத்தமான பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்வார்கள். சிவப்பணுக்கள் சுமப்பது போக, இரத்த நீரிலேயே பிராணவாயு கரைந்து திசுக்களுக்குச் சேரும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 90 நிமிடம். 20 முதல் 40 தடவை. ஆழ்கடலில் மூழ்குவோருக்கு வரும் அழுத்த நோய்க்கும், கார்பன் மோனாக்சைடு நச்சுக்கும், கதிர்வீச்சால் பின்னாளில் கெட்ட திசுக்களுக்கும் இது ஏற்கப்பட்ட சிகிச்சை. மருந்தால் வந்த நரம்பு வலிக்கு அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் இன்னும் இல்லை. காதுவலி வரலாம், அபூர்வமாக வலிப்பும் வரலாம். பிளியோமைசின் ஏற்றியவர்களுக்கு நுரையீரல் பயமும் உண்டு. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி, இந்த வலிக்குப் பரிந்துரைத்தது டியுலாக்செடின் என்ற மாத்திரை ஒன்றைத்தான். அதுவும் எல்லாருக்கும் கேட்பதில்லை, கேட்டாலும் ஓரளவுதான்.

நாற்பது நாள் கூலியை இழந்து, தாலிக்கொடியை அடகு வைத்து ஒரு குடும்பம் அந்த அறை வாசலில் நிற்பதற்கு நாம் காரணமாகக் கூடாது என்பது என் எண்ணம். ஆராய்ச்சி நடக்கட்டும், அதில் சேரும் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.

மரத்த பாதத்தைக் காப்பது மிஷன் மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் புண்களுக்குப் பெரும்பாலும் உணர்ச்சியின்மையே காரணம் என்று காட்டினார். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது இங்கும் உதவும்: தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது, வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்ப்பது, வெறுங்காலோடு நடக்காதிருப்பது. ஆகவே உங்கள் காணிக்கையில் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்புகளும் ஊன்றுகோல்களும் வாங்குவோம். ஒவ்வொரு ஊசிக்கும் முன்பு, "விரல் மரத்திருக்கிறதா?" என்று உட்கார்ந்து கேட்க ஒரு செவிலியருக்குச் சம்பளமும் தேவை.