மூடிக் கிடக்கும் டேனரி நிலமும் மண் பரிசோதனையும்

(அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம், பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் தங்கள் டேனரி இடத்தை, ஏழைகளுக்கு வீடு கட்ட வக்ஃபாகத் தர முன்வந்திருக்கிறது. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் மண்ணையும் கிணற்றையும் பரிசோதிக்காமல் அதை ஏற்பதில்லை என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. வருகிற வக்ஃபைத் தடுப்பதா என்று சிலர் கோபமாகவே கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில்.

நம் பாட்டனார் காலத்தில் ஆவாரம் பட்டையால் தோல் பதனிட்டார்கள். அப்போதும் உப்பும் சுண்ணாம்பும் மண்ணில் இறங்கின, கிணறுகள் உவர்த்தன. குரோம் வந்த பிறகு விஷயம் வேறு. பதனிடப் பயன்படும் குரோமியம்-3 அவ்வளவு கொடியதல்ல. ஆனால் மண்ணில் சில சூழ்நிலைகளில் அது குரோமியம்-6 ஆக மாறலாம். அது தண்ணீரில் எளிதில் கரையும். புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. காய்ச்சினாலும் போகாது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தரம். அந்த அளவை நாக்கு கண்டுபிடிக்காது. 'நாங்கள் குடித்துத்தானே வளர்ந்தோம்' என்பது பரிசோதனை ஆகாது.

ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை வளாகத்தை நீங்கள் அறிவீர்கள். ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவை அங்கே குவித்து வைத்தார்கள். அந்த மலை கண்ணுக்குத் தெரிந்தது. சுவர் இடிந்து, முள் மூடி, இன்று மனை பிரித்து விற்கப்படும் சின்ன டேனரிகளில் எதுவும் தெரியாது.

பரிசோதனைக்கு யார் பணம் தருவது? ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் முடிகிற வேலை அல்ல. முதலில் பழைய பத்திரங்களையும் வரைபடங்களையும் பார்த்துக் குழிகள், கழிவு வாய்க்கால் எங்கே இருந்தன என்று அறிய வேண்டும். பிறகு பல இடங்களில், பல ஆழங்களில் துளையிட்டு மண் எடுக்க வேண்டும். ஜகாத் நிதியை இதற்குத் தொட முடியாது. அமெரிக்காவில் இத்தகைய கைவிடப்பட்ட இடங்களை ஆராய்வதற்கென்றே 1995 முதல் அரசு மானியம் தருகிறது. 2002-ல் அதற்குத் தனிச் சட்டமும் வந்தது. சின்ன ஊர்களும் விண்ணப்பிக்கலாம்.

நம் நாட்டில் 2025 ஜூலையில்தான் மாசடைந்த இடங்களுக்கான விதிகள் வந்தன. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களில் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். சுத்தம் செய்யும் செலவு மாசுபடுத்தியவரைச் சேரும். அவரால் முடியாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் ஏற்பாடு செய்யும். அந்த நேரத்தில் நாடு முழுவதும் அடையாளம் கண்ட 103 இடங்களில் ஏழில்தான் சீரமைப்பு தொடங்கியிருந்தது. ஆகவே கேட்காத ஊருக்குத் தானாக வரும் என்று நான் நம்பவில்லை.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. அந்த டேனரிகள் நம்மவர்களுடையவை. நம் பள்ளிக்கூடங்கள் அந்தப் பணத்தில் எழுந்தவை. பெயரைக் கொடுத்தால் தலையில் செலவு விழுமே என்ற அச்சம் நியாயமானதுதான். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-ல் வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை யாரும் மறக்கவில்லை. இருந்தாலும், ஷூ கம்பெனியில் வேலை செய்து சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு பெண் இரண்டு சென்ட் வாங்குகிறார். அவரிடம் குறையை மறைத்து விற்பது மார்க்கத்திலும் கூடாது. வக்ஃப் தர வந்த குடும்பம் இதைப் புரிந்துகொண்டு, தங்கள் சர்வே எண்ணைத் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டது.

மற்ற இடங்களின் பட்டியலைச் சேர்த்து ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்கப் போகிறோம். சர்வே எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. டேனரியின் பழைய பெயரும் தெருவும் போதும். அங்கே வேலை பார்த்த பெரியவர்கள் அவசியம் வர வேண்டும். எந்த மூலையில் குழி இருந்தது, தண்ணீரை எங்கே விட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்தில் இருப்பேன். நடக்க முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.