எல்லோரும் பார்க்கும் கணக்கு
எல்லைக் கிராமங்களின் அன்றாட வாழ்வில் கிரிப்டோ நாணயம்: ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு



யாருடைய நினைவைப் போற்ற இன்று கூடியிருக்கிறோமோ, அந்த ஆசிரியப் பெருமகனார் பள்ளி விட்டபின் இரண்டு வேலைகளைத் தவறாமல் செய்துவந்தவர். ஊராருக்கு மணியார்டர் படிவம் நிரப்பிக் கொடுப்பார். எழுத்தறியாதவர்களின் சீட்டுக் கணக்கை உரக்கப் படித்துக் காட்டுவார். மலையாளத்தில் எழுதியிருப்பதைத் தமிழில் சொல்வார். தமிழில் எழுதியிருப்பதை மலையாளத்தில் சொல்வார். தன் பணத்தின் கணக்கு தனக்கே தெரியாத நிலை எவருக்கும் வரக்கூடாது என்பது அவர் கொள்கை. கிரிப்டோ நாணயத்தால் நம் அன்றாட வாழ்வுக்கு என்ன நன்மை விளையக்கூடும் என்ற கேள்வியை அந்தக் கொள்கையை வைத்தே அணுக விரும்புகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாணயத்தின் விலை ஏறும் என்ற ஆசையில் எனக்கு அக்கறை இல்லை. பணக்கணக்கை எவரும் தனியே பூட்டி வைத்துக்கொள்ள முடியாதபடி, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவைக்கும் முறை ஒன்று அதற்குள் இருக்கிறது. என் நம்பிக்கை அந்த முறையின் மேல்தான். சட்டமும் பொறுப்பும் அதற்குத் துணை நின்றால் நம் கேரள-தமிழ்நாட்டு எல்லைக் கிராமத்து ஏழைக்கு அது உதவும். துணை இல்லாவிட்டால் பழைய ஏமாற்றே புதுப் பெயரில் வந்து நிற்கும்.

1. பணம் உருமாறிய மண்

திருவிதாங்கூர் காலத்தில் 16 காசு சேர்ந்தால் ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் வேண்டுமென்றால் இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டும். அந்த அரைச் சக்கர வித்தியாசத்தை மனக்கணக்காகவே போட்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. சக்கரம் வழக்கொழிந்தது; இந்திய ரூபாய் நிலைத்தது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட வட்டங்களில் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. நிலத்தில் கோடு விழுந்தாலும் கொடுக்கல் வாங்கல் பழையபடியே நடந்தது. பாறசாலைக்காரர் களியக்காவிளைச் சந்தையில் மீன் வாங்குகிறார். பளுகல்காரர் நெய்யாற்றின்கரையில் பெண்ணுக்கு நகை எடுக்கிறார். ஆகவே பணம் உருமாறுவது இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. எந்த உருவில் வந்தாலும் அதை நம்பலாமா என்பதே நம் முன்னோர் கேட்ட கேள்வி.

2. மூடிய கணக்கு செய்த கேடு

அந்தக் கேள்விக்கு இந்த மண் கொடுத்த விலை பெரிது. திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் கொல்லம் வங்கியும் 1937-ல் இணைந்து உருவான பெரிய வங்கி மறு ஆண்டே கதவடைத்தது. திவான் சர் சி. பி. ராமசாமி ஐயரின் பகையே காரணம் என்றார்கள் ஒரு சாரார். நிர்வாகக் கோளாறு என்றார்கள் மறு சாரார். பணம் போட்டவருக்கோ உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க வழியே இல்லை. 1960 ஆகஸ்டில் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பின்புதான் நாடு விழித்தது. வைப்புத்தொகைக் காப்பீட்டுக்குச் சட்டம் வந்து, 1962-ல் அதற்கென ஒரு கழகம் செயல்படத் தொடங்கியது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பு. 2020 முதல் 5 லட்சம். இன்று எந்த வங்கியில் பணம் போட்டாலும் நமக்கிருக்கும் அந்தப் பாதுகாப்பு, கேரளத்துக் குடும்பங்கள் சிந்திய கண்ணீரிலிருந்து பிறந்தது.

ஆனால் காப்பீடு வங்கிக்கு மட்டும்தான். 2017 செப்டம்பரில் எல்லையோரம் மத்தம்பாலையில் இயங்கிவந்த நிர்மல் கிருஷ்ணா நிதி நிறுவனம் மூடப்பட்டதை இந்த அவையில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெண்ணின் கல்யாணத்துக்கு ஒதுக்கிய பணம், வளைகுடா வெயிலில் உழைத்துச் சேர்த்த பணம், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணம் எல்லாம் அதில் இருந்தது. அலுவலகம் தமிழ்நாட்டுப் பக்கம். பணம் போட்டவர்களில் பலர் கேரளப் பக்கம். எந்தக் காவல் நிலையம், எந்த மாநிலச் சட்டம் என்று மக்கள் அலைந்தார்கள். நாகர்கோவில் பொருளாதாரக் குற்றப்பிரிவின் வாசலில் எத்தனை முதியவர்கள் நின்றார்கள்! அவர்களிடம் ரசீது இருந்தது, பாஸ்புக் இருந்தது. நிறுவனத்தின் உண்மையான இருப்பு எவ்வளவு என்ற ஒரு விவரம் மட்டும் அவர்கள் கையில் இல்லை.

3. புதிய கணக்குப் புத்தகம்

2008 அக்டோபர் 31 அன்று, உலக வங்கிகள் ஆட்டம் கண்டிருந்த வேளையில், சடோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் பிட்காயின் பற்றிய ஒன்பது பக்கக் கட்டுரையை வெளியிட்டார். 2009 ஜனவரி 3 அன்று அதன் கணக்கில் முதல் பதிவு ஏறியது. வங்கிகளை மீண்டும் அரசு பணம் கொடுத்துக் காப்பாற்றப் போகிறது என்ற லண்டன் செய்தித்தாள் தலைப்பு ஒன்றும் அந்தப் பதிவில் பொதிந்திருக்கிறது. நம் 1938-ம் 1960-ம் விட்டுச்சென்ற அதே மனக்குறைதான் அங்கும் விதை.

அதன் இயக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபது பேர் சேர்ந்த ஒரு சீட்டில், இருபது வீட்டிலும் அதே கணக்குப் புத்தகத்தின் நகல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி எழுதினால் எல்லா நகலிலும் அது ஏற வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் முத்திரை பதிந்திருக்கும். பழைய பக்கத்தில் ஓர் எண்ணைத் திருத்தினால் அடுத்த பக்கத்து முத்திரை பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். இதைத்தான் பிளாக்செயின் என்கிறார்கள். பிட்காயினில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேர்கிறது. மொத்த நாணயம் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது என்பதும் விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

4. எங்கே தேவை, எங்கே தேவையில்லை

களியக்காவிளையில் மீன் வாங்கவோ உதியன்குளங்கரையில் சாயா குடிக்கவோ பிட்காயின் தேவையில்லை. 2016-ல் வந்த யுபிஐ அந்த வேலையை நொடியில், கட்டணமின்றி, மாநில எல்லையைப் பாராமல் செய்து முடிக்கிறது. ரிசர்வ் வங்கியும் 2022 டிசம்பர் 1 முதல் சில்லறைப் புழக்கத்துக்கான டிஜிட்டல் ரூபாயைச் சோதித்து வருகிறது. ஏற்கெனவே தீர்ந்த சிக்கலுக்குக் கிரிப்டோவை அழைக்க வேண்டியதில்லை.

தீராத சிக்கல் இரண்டு உண்டு. ஒன்று, கடல் தாண்டி வரும் பணம். 2023-24-க்கான ரிசர்வ் வங்கி ஆய்வின்படி வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணத்தில் 19.7 சதவீதம் கேரளத்துக்கும், 10.4 சதவீதம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. எல்லையின் இரு பக்கத்தையும் சேர்த்தால் நாட்டுக்கு வந்ததில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு. அனுப்பும் செலவை 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழ் கொண்டுவருவது ஐக்கிய நாடுகளின் இலக்கு. உலக சராசரி இன்னும் 6 சதவீதத்துக்கு மேல். வளைகுடா வழி அதைவிட மலிவுதான். ஆனாலும் சிறு தொகை அனுப்பும் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு முறையும் போகும் கட்டணமும் மாற்று விகிதத்தில் கரைவதும் ஒரு நாள் கூலி. டாலரோடு பிணைத்த நிலைநாணயங்கள் சில நிமிடங்களில், குறைந்த செலவில் கடலைத் தாண்டுகின்றன. 2023 பிப்ரவரியில் யுபிஐ சிங்கப்பூரின் பேநவ்வோடு இணைந்ததைப் போன்ற அரசு வழிகளும் திறக்கின்றன. இரண்டும் போட்டியிடட்டும்; லாபம் தொழிலாளிக்கு வரட்டும்.

மற்றொன்று, நம் சீட்டு. இங்கே சிட்டி பிடிக்காத வீடு குறைவு. இந்த மண்ணில் 1945-லேயே திருவிதாங்கூர் சிட்டிச் சட்டம் வந்தது. கேரள அரசின் கே.எஸ்.எஃப்.இ. நிறுவனம் 1969 முதல் அரசுப் பொறுப்பில் சீட்டு நடத்துகிறது. 1982-ம் ஆண்டின் மத்தியச் சட்டம் 2012-ல் கேரளத்தில் நடைமுறைக்கு வந்தது. 2019 திருத்தத்தின்படி ஏலத்தின்போது உறுப்பினர்கள் காணொளி வழியாகவும் கலந்துகொள்ளலாம். சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. இன்னும் ஓரடி எடுத்து வைக்கலாம் என்பது என் கனவு. யார் எவ்வளவு தள்ளிக் கேட்டார், யாருக்குப் பணம் போனது, கையில் இருப்பு எவ்வளவு என்பதை ஒவ்வொரு உறுப்பினரும் தன் கைபேசியிலேயே பார்க்கும்படி, எவராலும் அழிக்க முடியாத கணக்கில் எழுதலாம். ஏலம் முடிந்ததும் விதிப்படி பணம் தானே உரியவருக்குப் போய்ச் சேரும்படி நிரல் அமைக்கலாம். பணம் எடுத்தபின் தவணை கட்டாதவரை அந்த நிரல் திருத்திவிடாது. அதற்கு ஜாமீனும் பதிவாளரும் நீதிமன்றமும் வேண்டும். ஆனால் இருப்பே இல்லாமல் புதிதாகச் சேருபவரின் பணத்தைப் பழையவருக்குக் கொடுத்து ஓட்டும் தந்திரம் அந்தத் திறந்த கணக்கில் நீண்ட நாள் ஒளிந்திருக்காது.

5. காவலின்றி நம்பிக்கை இல்லை

2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலர் விற்ற பிட்காயின், அடுத்த நவம்பரில் 16,000-க்கும் கீழே இறங்கியது. அப்படி ஆடும் ஒன்றில் அரிசி விலை சொல்ல முடியாது. வெளிநாட்டு வருமானத்தை நம்பி வாழும் எல் சால்வடோர் 2021 செப்டம்பர் 7-ல் அதைச் சட்டப்படியான பணமாக்கியது. மக்கள் டாலரையே பெரிதும் நம்பினார்கள். அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் 2025-ல் நீக்கப்பட்டது. டாலரோடு நிலைத்து நிற்கும் என்று சொல்லப்பட்ட டெர்ரா நாணயம் 2022 மே மாதம் சில நாட்களில் தரைமட்டமானது. நிலைநாணயம் வெளியிடுபவர் ஒவ்வொரு நாணயத்துக்கும் ஈடாகக் கையிருப்பு வைக்க வேண்டும் என்று அமெரிக்கா 2025-ல் சட்டம் இயற்றியது அதற்குப் பின்புதான்.

நம் நாட்டிலும் சட்டம் மெல்ல வடிவம் பெறுகிறது. கிரிப்டோ வணிகத்துக்கு வங்கிகள் உதவக்கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் பரிமாற்றகத்தில் திருட்டு நடந்து, ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் போயின. அதில் தன் நாணயங்கள் முடங்கிய ஒரு முதலீட்டாளர் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து, அதைப் பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று தீர்ப்பளித்தார். பாலாய் வங்கியின் வீழ்ச்சி காப்பீட்டைத் தந்தது போல, இந்த இழப்பும் சாமானியருக்கு ஓர் உரிமையைத் தந்திருக்கிறது. என் நம்பிக்கைக்குப் பெரிய ஆதாரம் இதுதான்.

இனி ஒரு வேதனையான செய்தி. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் பொழியூரிலிருந்தும் வள்ளவிளையிலிருந்தும் கடலுக்குப் போன நம் சகோதரர்கள் பலரைக் கொண்டுபோனது. உடல்கூடக் கிடைக்காத குடும்பங்கள் சான்றிதழுக்கும் உதவிக்கும் பட்ட பாட்டை நாம் கண்டோம். அந்தச் சகோதரரின் சேமிப்பு, அவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியச் சொற்களால் பூட்டிய கிரிப்டோ பணப்பையில் இருந்திருந்தால் அது கடலோடு போயிருக்கும். வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் உண்டு. அதே உரிமை இங்கும் கட்டாயம் வேண்டும். ஒரு விதவை திறக்க முடியாத பணப்பை எவ்வளவு நவீனமானாலும் அன்றாட வாழ்வுக்கு உதவாது.

வரியையும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. அந்த ஜூலை முதல் பரிமாற்றத்துக்கு ஒரு சதவீதப் பிடித்தம். நாணயத்தைச் செலவழிப்பதும் பரிமாற்றமே என்பதால் ஒரு சாயாவுக்குக்கூட லாபக்கணக்கு எழுத வேண்டியவராகிறோம். ஊக வணிகத்தைக் கட்டுப்படுத்த வரி தேவைதான். வெளிநாட்டிலிருந்து குடும்பத்துக்கு வரும் சிறு தொகைக்கும் சிறு செலவுக்கும் விலக்கு தருவதே நியாயம்.

6. நாம் செய்ய வேண்டியவை

அரசுகளிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். சிறு தொகைக்கு வரிவிலக்கு தாருங்கள். கிரிப்டோ சேமிப்புக்கு வாரிசு நியமனத்தைக் கட்டாயமாக்குங்கள். எல்லைப் பகுதியில் நிதி ஏமாற்று நடந்தால் இரு மாநிலக் காவல்துறையும் சேர்ந்து புகார் வாங்க ஒரே இடம் அமைத்துக் கொடுங்கள். மத்தம்பாலையில் அலைந்தது போல இன்னொரு தலைமுறை அலையக்கூடாது.

கணினி படித்த இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரே ஒரு சீட்டையாவது, சட்டப்படி பதிவு செய்து, உறுப்பினர் எல்லோரும் பார்க்கும் கணக்கில் நடத்திக் காட்டுங்கள். அது வெற்றி பெற்றால் பாலராமபுரத்துக் கைத்தறிச் சங்கமும் பூவாறு மீனவர் குழுவும் கேட்டு வரும்.

கடைசிக் கடமை நம் எல்லோருக்கும் உரியது. 1945-ல் பி. என். பணிக்கர் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் (நூலகச்) சங்கத்தை அமைத்து வாசிப்பை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 2025-ல் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த படி பணக்கணக்கு எழுத்தறிவு. இந்தக் கிரந்தசாலையில் மாதம் ஒரு மாலை, தமிழிலும் மலையாளத்திலும் அதைச் சொல்லிக் கொடுப்போம். மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்று எவர் சொன்னாலும், அது சீட்டானாலும் நாணயமானாலும், எழுந்து வந்துவிட வேண்டும் என்பது முதல் பாடம். இரகசியச் சொற்களை எவருக்கும் சொல்லக்கூடாது, வீட்டில் நம்பிக்கையானவர் அறியாமலும் வைக்கக்கூடாது என்பது இரண்டாம் பாடம். கணக்கைக் காட்டாதவரிடம் காசைக் கொடுக்கக்கூடாது என்பது மூன்றாம் பாடம்.

இந்த மூன்று பாடத்தையும் கற்ற ஊரில் புதிய நாணயம் வந்தால் அது மக்களுக்கு வேலைக்காரனாக இருக்கும், எஜமானனாக ஆகாது. அந்த ஊரைக் கட்டும் பணியில் அறக்கட்டளையும் கிரந்தசாலையும் கைகோக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.