ஏசி வாங்கறதுக்கு முன்னாடி: வெயில் எந்த வழியா வீட்டுக்குள்ள வருது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காக சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

நேயர் ஒருத்தர் அனுப்பின மெயில்தான் இன்னிக்கு நம்ம தலைப்பு. தாம்பரம் தாண்டி அரை கிரவுண்டு மனை, 30-க்கு 40, மேற்கு பார்த்தது. ஹோம் லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, பிளான் ரெடி, அடுத்த மாசம் பூமி பூஜை. அவரோட கேள்வி: "மூணு ரூமுக்கும் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி போதுமா, ஹாலுக்கு ரெண்டு டன் போடணுமா?"

நியாயமான கேள்விதான். ஆனா மெயிலோட கடைசியில போற போக்குல ஒண்ணு எழுதியிருந்தார். "நானும் மனைவியும் ஆபீஸ் போயிடுவோம். பகல்ல அப்பா அம்மா மட்டும்தான். அவங்க ஏசி போட மாட்டாங்க, பில் ஏறும்னு சொல்லுவாங்க."

என்னைக் கேட்டா அந்த மெயில்ல முக்கியமான வரி இதுதான். மே மாசம், மதியம் ரெண்டு மணி. நாம ஆபீஸ்ல 24 டிகிரியில ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருப்போம். லோன் போட்டுக் கட்டின வீட்டுல அந்த நேரம் இருக்கப் போறது வயசான ரெண்டு பேர். ஏசி சுவத்துல இருக்கும், ரிமோட் அலமாரியில இருக்கும். 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சது. வெள்ளம், புயல் மாதிரி வெயிலும் ஆளைக் கொல்லும்னு அரசாங்கமே ஏத்துக்கிட்ட விஷயம் இது. அதனால கேள்வியை மாத்திப் போடுவோம்: ஏசி ஆஃப்ல இருக்கும்போது இந்த வீடு எப்படி இருக்கும்?

மெமரி லீக் இருக்கற ஆப்புக்கு ராம் ஏத்திக்கிட்டே போனா என்ன ஆகும்னு நம்மள்ல பல பேருக்குத் தெரியும். லீக் எங்கன்னு முதல்ல பார்க்கணும். வீட்டுக்கும் அதே டீபக்கிங்தான்.

முதல் லீக்: மொட்டை மாடி

சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்குல இருக்கு. ஏப்ரல் கடைசியிலயும் ஆகஸ்ட் நடுவுலயும் சூரியன் நேரா நம்ம உச்சந்தலைக்கு மேல வரும், நிழலே விழாது. டிசம்பர்ல கூட மதியம் 53 டிகிரி உயரத்துல நிக்கும். அதாவது வருஷம் முழுக்க அதிகமா வெயில் வாங்கறது நம்ம மாடிதான், சுவர் இல்ல.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். கோடையில ஒரு நல்ல வெயில் நாள்ல, ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில விழற சூரிய சக்தி சுமார் 6 யூனிட். 800 சதுர அடி மாடின்னா கிட்டத்தட்ட 450 யூனிட். ஒரே நாள்ல! ஈபி ரீடிங் ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டிடக் கூடாதுன்னு நாம கீழ ஃபேனை அணைச்சுக்கிட்டு இருக்கோம். மேல விழறது மொத்தமும் உள்ள வராதுதான். ஆனா வெறும் கான்கிரீட் ஸ்லாப் ஒரு பெரிய பங்கை உறிஞ்சி வெச்சுக்கும். உறிஞ்சினதை உடனே விடாது. சாயங்காலம் ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் மெதுவா கீழ இறக்கும். பத்து மணிக்கு ஃபேன் போட்டா சுடுகாத்து அடிக்குதே, அது இதுதான். ஃபேனுக்கு மேல இருக்கற சீலிங் அடுப்புக்கல்லு மாதிரி காய்ஞ்சு இருக்கு.

மத்திய அரசோட எரிசக்தி சிக்கனப் பணியகம் 2018-ல வீடுகளுக்குன்னு ஒரு விதிமுறை கொண்டு வந்தது, பேரு ஈகோ நிவாஸ் சம்ஹிதா. அதுல கூரைக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு: யூ-வேல்யூ 1.2. வெளிய ஒரு டிகிரி கூட இருந்தா ஒரு சதுர மீட்டர் வழியா எத்தனை வாட் உள்ள வரும்ங்கறதுதான் யூ-வேல்யூ. வெறும் ஸ்லாபுக்கு இது மூணுக்கு மேல. இந்த விதி 500 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் உள்ள மனைகளுக்கானது, அரை கிரவுண்டுக்காரரை யாரும் வந்து கேட்கப் போறதில்ல. ஆனா அளவுகோலா வெச்சுக்கலாம்.

நம்ம ஊர்ல இதுக்குப் பழைய வைத்தியம் ஏற்கனவே இருக்கு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மேல தட்டோடு பதிக்கறது. பழைய மெட்ராஸ் வீடுகள்ல மர உத்திரத்து மேல செங்கல்லை நிறுத்தி அடுக்கி, அதுக்கு மேல இதே சுண்ணாம்புக் கலவைதான். இப்போ ஸ்லாபுக்கு மேல இன்சுலேஷன் ஷீட் விரிச்சு அதுக்கு மேல டைல்ஸ் போடறாங்க. இன்சுலேஷன் ஸ்லாபுக்கு மேல இருக்கறது முக்கியம். கீழ ஃபால்ஸ் சீலிங்கா போட்டா, ஸ்லாப் சூடாகறது சூடாகிக்கிட்டேதான் இருக்கும்.

ஆனா நடைமுறையில என்ன நடக்குது? "மேல எப்படியும் இன்னொரு மாடி எடுக்கப் போறோம், இப்போ எதுக்கு தட்டோடு?"ன்னு ஸ்லாபை அப்படியே விட்டுடுவாங்க. அந்த இன்னொரு மாடி வர பத்து வருஷம் ஆகும். பத்து கோடை! அப்படி ஒரு நிலைமைன்னா, குறைஞ்சது வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடிங்க. சாம்பல் நிற கான்கிரீட் வெயிலோட பெரும்பகுதியை உறிஞ்சும். புது வெள்ளைப் பூச்சு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிடும். தூசி படியப் படிய இந்தப் பலன் குறையும், அதனால கழுவணும், சில வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப அடிக்கணும். தெலங்கானா அரசு 2023-ல கூல் ரூஃபுக்குன்னே தனிக் கொள்கை கொண்டு வந்தது. செலவு குறைவு, பலன் உடனே தெரியும்.

ரெண்டாவது லீக்: மேற்குச் சுவர்

இங்கதான் நம்ம நேயருக்குப் பெரிய சிக்கல். மேற்கு பார்த்த மனை, எலிவேஷன் அழகா இருக்கணும்னு முகப்புல ரெண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி.

ஜன்னலுக்கு மேல 2 அடி சன்ஷேட் வெச்சுக்குவோம். தெற்கு ஜன்னல்னா, டிசம்பர் மதியத்துலயே ரெண்டரை அடிக்கு மேல நிழல் விழும். சூரியன் மேல ஏற ஏற நிழலும் நீளும். பிரச்சினையே இல்ல. அதே சன்ஷேட் மேற்கு ஜன்னலுக்கு இருந்தா, மே மாசம் சாயங்காலம் 5 மணிக்கு சூரியன் சுமார் 20 டிகிரி உயரத்துல நேரா முகத்துக்கு எதிர்ல இருக்கும். விழற நிழல் முக்கால் அடி. நாலடி ஜன்னல்ல மூணேகால் அடிக்கு வெயில் உள்ள வந்து சோபாவுல உட்காரும். திரைச்சீலை போட்டா? கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்த வெயிலைத்தான் அது தடுக்குது. திரை சூடாகும், அந்தச் சூடு ரூமுக்குள்ளயேதான் இருக்கும். தடுக்கறதை வெளியில தடுக்கணும்: செங்குத்தான தடுப்பு, சுட்ட மண் ஜாலி, இடம் இருந்தா ஒரு புங்க மரம். மேற்குல கண்ணாடி வேண்டாம்னு நான் சொல்றது ரசனைக் குறைவால இல்ல. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால ஒரு ஏசி ஆயுசு முழுக்க வேலை செய்யணும்.

சுவருக்கு இன்னொரு வழி, லாரி பேக்கர் கேரளாவுல பரவலாக்கின எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காம பக்கவாட்டுல நிறுத்திக் கட்டுவாங்க, சுவருக்கு நடுவுல காத்து இடைவெளி விழும். செங்கல் சுமார் கால் பங்கு மிச்சம், வெப்பமும் குறைவா கடத்தும். ஆனா இதைப் பழகின மேஸ்திரி வேணும். அவர் கிடைக்கலைன்னா வற்புறுத்தாதீங்க.

காத்துக்கு ரெண்டு வாசல்

பாரம்பரிய வீடுன்னாலே நாம செட்டிநாட்டு வீட்டைத்தான் நினைப்போம். தடிச்ச சுவர், முற்றம். அருமையான வீடுகள். ஆனா தடிச்ச சுவர் நல்லா வேலை செய்யணும்னா ராத்திரி வெளிய நல்லா குளிரணும், சுவர் பகல்ல வாங்கினதை அப்போ விடணும். சென்னை மாதிரி கடலோர ஊர்ல புழுக்கம் அதிகம், ராத்திரியிலயும் சூடு பெருசா இறங்காது. இங்க உடம்பைக் குளிர வைக்கறது வேர்வை காயறதுதான். அதுக்குக் காத்து ஓடணும்.

சென்னைக்குக் கோடையில காத்து வர்ற திசை எல்லாருக்கும் தெரியும்: மதியத்துக்கு மேல கிழக்கு, தென்கிழக்குல இருந்து கடல் காத்து. அது சீக்கிரம் வந்தா பிழைச்சோம், லேட்டானா 40 டிகிரி தாண்டும். கோயம்புத்தூர்ல இதே கணக்கு தலைகீழ், பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்குல இருந்து காத்து வரும். அதனால யூட்யூப்ல பார்த்த பிளானை அப்படியே எடுத்துப் போடாதீங்க. உங்க ஊர்ல காத்து எங்க இருந்து வருதுன்னு பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் கேளுங்க.

ஒரே ஜன்னல் இருக்கற ரூம்ல காத்து உள்ள வரத் தயங்கும், ஏன்னா வெளிய போக வழி இல்ல. எதிர்ப் பக்கத்துல இன்னொரு திறப்பு வேணும், இல்லைன்னா பழைய வீடுகள்ல இருக்கற மாதிரி கதவுக்கு மேல வெண்டிலேட்டர். எவ்வளவு திறப்பு? அதே ஈகோ நிவாஸ் சம்ஹிதா சென்னை மாதிரி ஊருக்குத் தரைப் பரப்புல ஆறுல ஒரு பங்கு கேட்குது. 120 சதுர அடி ரூம்னா 20 சதுர அடி. இங்கதான் ஸ்லைடிங் ஜன்னல் ஏமாத்தும். 4-க்கு 4 ஸ்லைடிங் பார்க்க 16 சதுர அடி, திறந்தா பாதிதான், 8. அப்படி ரெண்டு வெச்சாலும் 16-தான் வருது. கதவு மாதிரி முழுசா திறக்கற ஜன்னல்னா ரெண்டுலயே தாராளம். கொசுவலை போட்டா காத்து இன்னும் குறையும், சென்னையில கொசுவலை இல்லாமயும் இருக்க முடியாது. அதையும் சேர்த்து ஜன்னலைப் பெருசா வைங்க. கொளுத்தற மதியத்துல மூடி வைங்க, கடல் காத்து வந்ததும் திறங்க.

வாஸ்து, அப்பா, மாடிப்படி

"இதெல்லாம் சரி ப்ரோ, எங்கப்பா கன்னி மூலையிலதான் மாஸ்டர் பெட்ரூம் வேணும்ங்கறார்." தெரியும். தென்மேற்கு மூலை, வீட்டுலயே சாயங்கால வெயில் அதிகம் படற இடம். சண்டை போடாதீங்க, பேரம் பேசுங்க. மாடிப்படியை தென்மேற்குல வைக்க வாஸ்து பார்க்கறவங்க பொதுவா ஒத்துக்குவாங்க. தண்ணி டேங்கும் அங்கதான் வைக்கச் சொல்லுவாங்க. அப்போ முகப்புல, மேற்குச் சுவரை ஒட்டி மாடிப்படி, அதுக்கு மேல டேங்க். அதுக்குப் பின்னால பெட்ரூம். வெயில் படிக்கட்டு மேல விழும், கட்டில் மேல விழாது. அப்பாவுக்குக் கன்னி மூலை, உங்களுக்கு நிழல்.

வீடு ரெண்டு மாடின்னா அப்பா அம்மா ரூம் கீழ இருக்கட்டும். முழங்காலுக்கும் நல்லது, மொட்டை மாடிச் சூடும் அங்க நேரா இறங்காது.

இவ்வளவும் பண்ணின பிறகு ஏசி வாங்குங்க, தாராளமா. நான் ஏசிக்கு எதிரி இல்ல. ஒன்றரை டன் வேண்டிய இடத்துல ஒரு டன் போதும், மூணு மாசம் ஓடறது ஒரு மாசம் ஓடும். 75 வாட் ஃபேனை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனா மாத்துங்க, அப்பா நாள் முழுக்க மனசு உறுத்தாம ஓட்டுவார். ஏசியை எப்போ வேணா மாத்தலாம். ஜன்னல் இருக்கற திசையை அப்புறம் மாத்த முடியாது, லோன் முடியற வரைக்கும் அதே திசைதான்.

வாடகை வீட்டுல டாப் ஃப்ளோர்ல இருந்து கேட்கறவங்களுக்கும் வேலை இருக்கு. ஹவுஸ் ஓனர்கிட்ட வெள்ளைப் பெயிண்டுக்குப் பேசிப் பாருங்க, பாதிச் செலவைப் பகிர்ந்துக்கறேன்னு சொல்லுங்க. மேற்கு ஜன்னலுக்கு வெளிப் பக்கம் மூங்கில் தட்டி கட்டுங்க.

இன்னிக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு உங்க வீட்டு நாலு பக்கச் சுவத்துலயும் கை வெச்சுப் பாருங்க. ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கையும் தொடுங்க. எது சுடுதோ அதுதான் உங்க வீட்டு லீக். எந்தத் திசை, எந்த மாடின்னு எனக்கு எழுதுங்க, வர்ற பதில்களை வெச்சு இன்னொரு எபிசோடு பண்ணலாம். அடுத்த வாரம் பார்ப்போம்!